ஏழு படலங்களில் ஓர் அமீபா

மகள் இன்று காலை கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் எடுத்தது. உயிரோடு இருக்கும் கலம், அதாவது செல் ஒன்றைத் தட்டுத் தட்டாகப் படமெடுத்து, கணினியில் அடுக்கி, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கிறார்களாம். "உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு அப்பிடியே தெரியுது, பாருங்கோ அம்மா!" என்று குரலும் பதிந்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து உன் ஏழு படலங்களையும் எடுத்தேன்.

நாங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஒன்றாக வேலை செய்த காலத்தில், அங்கே கிடந்த பழைய எக்ஸ்ரே படலங்களைக் கழுவி வெளுக்கவைத்துப் படம் கீறும் பைத்தியம் உனக்கு. நுணுக்குக்காட்டியின் திருகை மயிரளவு இறக்குவாய். தெரிவதை ஒரு படலத்தில் கீறுவாய். இன்னும் கொஞ்சம் இறக்குவாய், அடுத்த படலம். அடுக்கி யன்னலுக்கு நேரே பிடித்தால் கலம் உருண்டு திரண்டு நிற்கும். வேலையற்ற வேலை என்று நக்கலடிப்பேன். உன்னைவிட மூன்று வருடம் மூத்தவள் நான், அறிக்கையில் கையெழுத்து வைப்பவளும் நான். அந்தத் திமிர் எனக்குத் தாராளமாகவே இருந்தது.

அந்த மார்கழி மழைநாள் உனக்கும் மறந்திருக்காது. கொடிகாமத்திலிருந்து ஒருவர் ஆறு வயது மகளைச் சைக்கிளில் கொண்டுவந்து வாட்டில் சேர்த்திருந்தார். பிள்ளைக்கு இரத்தமாக வயிற்றோட்டம். அமீபா இரத்தத்தின் செங்குழியங்களை விழுங்கியிருந்தால் நோய்க்குக் காரணம் அமீபாதான். இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் வேறு, மருந்தும் வேறு. அமீபாவுக்கான மருந்து ஒருவருக்குப் போதுமான அளவுதான் மிச்சம். எங்கள் சொல்லுக்காக டொக்டர் காத்திருந்தார்.

போரினால் மின்சாரம் இல்லாமற்போய் வருடக்கணக்கு. வெயிலைப் பிடித்துத் தரும் கண்ணாடியும் அன்று மழை இருட்டில் உதவவில்லை. ஊரெல்லாம் ரேடியோவில் பாட்டுக் கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றியபோது, நாங்கள் நுணுக்குக்காட்டியின் சின்ன பல்ப்புக்காகச் சுற்றினோம். சூடு ஆறினால் அமீபா ஊராது என்று நீ பிள்ளையின் மலம் எடுத்த போத்தலை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு வந்தாய். சைக்கிளில் ஏறியவர் பிள்ளையின் தகப்பன்.

"ஒரே சீரா மிதியுங்கோ அண்ணை. வேகம் கூடினால் பல்ப் போயிடும்" என்றேன்.

"விடியுமட்டும் மிதிப்பன் பிள்ளை. நீங்கள் வடிவாப் பாருங்கோ."

நான்தான் முதலில் பார்த்தேன். அமீபா, அதற்குள் மூன்று செங்குழியங்கள். அவ்வளவுதான், அறிக்கையை எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். நீ குனிந்து பார்த்தாய். வழக்கம்போலப் படலங்களை எடுத்துக் கீறத் தொடங்கினாய். ஏழாவது முடிந்ததும் நிமிர்ந்தாய்.

"அக்கா, உது உள்ளுக்கை இல்லை. மேலை கிடக்குது."

"எனக்குத் தெரியாதே? எத்தினை வருசமாப் பாக்கிறன்!"

"ஓம், தெரியும். ஒருக்காக் கீழை இறக்கிப் பாருங்கோ."

கோபத்தோடுதான் திருகைத் தொட்டேன். அமீபாவின் கரு தெளிவாகத் தெரிந்த மட்டத்தில் செங்குழியங்கள் மங்கிப்போயின. மேலே ஏற்றினேன், அவை தெளிந்தன, கரு மங்கியது. அப்போது அமீபா மெல்ல ஊர்ந்து விலகியது. மூன்று செங்குழியங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அறிக்கையைக் கிழித்தேன். புதிதாக எழுதி நானே வாட்டுக்குக் கொண்டு ஓடினேன். வேறு மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்திருந்து கஞ்சி கேட்டாள். "வடிவாப் பாத்திருக்கிறீர்" என்று டொக்டர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை அப்படியே வாங்கிக்கொண்டேன். தகப்பன் தைப்பொங்கல் கழிந்து ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து என் கையில்தான் தந்தார். "எனக்கும் பாதி தாங்கோ அக்கா" என்று சிரித்தாய், வேறொன்றும் கேட்கவில்லை. காயில் பாதி தந்தேன். பாராட்டில் ஒரு துளியும் தரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கி, ஊரோடு எல்லோரும் வலிகாமத்தை விட்டுக் கிளம்பியபோது, படலங்களை என் பைக்குள் திணித்தவள் நீ. திருப்பித் தரும் சந்தர்ப்பம் வரவேயில்லை. போன ஆவணியில் உன் மரணச் செய்திதான் வந்தது.

ஓய்வுபெறும் வரைக்கும், திருகை ஒருமுறை இறக்கி ஒருமுறை ஏற்றாமல் நான் எந்த அறிக்கையிலும் கையெழுத்து வைத்ததில்லை. அந்தப் பழக்கம் உன்னுடையது. மகளுக்கும் இன்று இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு படலங்களை யன்னலுக்கு நேரே பிடித்தேன். ஆறில் அமீபா மட்டும். மேல் படலத்தில் மட்டும் அந்த மூன்று வட்டங்கள். அதன் மூலையில் பேனையால் 'பார்த்தவர்' என்று எழுதி, பக்கத்தில் உன் பெயரைப் போட்டேன்.