ஒன்பதாம் அறை

அன்புள்ள செல்லக்கிளிக்கு,

"தை பொறந்ததும் வாரேன், நம்ம புள்ளைக்குப் பால் ஊத்தணும்" என்று திருப்பூரிலிருந்து நீ போன் செய்தபோது சரியென்று சொல்லிவிட்டேன். மீதியை எழுதுகிறேன்.

நம் மகளைப் புதைத்த இடமும் இப்போது புதுக் கல்லூரிக்குள் போய்விட்டது. அஸ்திவாரம் தோண்டும் முன்னால் இன்ஜினியர் கேட்டார்: "இங்க சமாதி எதுவும் இருக்கா?" எனக்கு அங்கே வாட்ச்மேன் வேலை கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். நாம் நட்ட கல்லை முந்தின நாளே பிடுங்கிவிட்டேன்.

இப்போது அங்கே ஒன்பதாம் அறை. தரையெல்லாம் டைல்ஸ், பால் மண்ணுக்கு இறங்காது. தினமும் மாணவர்கள் வருமுன் அங்கே ஃபேனைப் போட்டுவிடுவேன்.

"ஆளே இல்லாம யாருக்குண்ணே ஓடுது?" என்று கூட்ட வந்த பாண்டிச்செல்வி கேட்டாள்.

"புள்ளைக்கு வேர்க்கும்" என்றேன்.

அதன்பிறகு அவள் அந்த அறைக்கு வருவதில்லை. நானே கூட்டுகிறேன்.

இருந்திருந்தால் இந்த வருஷம் நம் மகளும் கல்லூரியில் சேர்ந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வா, யாரும் இருக்க மாட்டார்கள். கதவைத் திறந்துவிட்டு நான் வெளியே நிற்கிறேன். நான் செய்ததை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். தினமும் உள்ளே போகிறேன், எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா