ஆறிய தகட்டில் உன் கை

மச்சான்,

லேப் பீரோவைத் திறந்தவன், நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நாம் இருவரும் கடைசியாக லேசர் வெல்டிங் செய்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு கை இருந்தது. ஐந்து விரலும் தெளிவாக, துருவால் ஆன கை. சுண்டுவிரல் மட்டும் மற்றதை விட்டுக் கொஞ்சம் விலகி நின்றது. உன்னுடையதேதான். வேர்வை பட்ட இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும், இதிலென்ன என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெளியே சிதம்பரத்து வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்கோ முதுகு சில்லிட்டது.

லேப்புக்கு வரக் கடலூரில் காலை ரயிலுக்குக் காத்திருந்தவன், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். இதயம் என்றார்கள். எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் உன் மனைவி போன் செய்தாள். "அண்ணே, லேப்ல அவுருக்கு ஏதாச்சும் இருந்த மாரி தெரிஞ்சிதா? நான்தான் கவனிக்காம உட்டுட்டனா? தூக்கமே வரலண்ணே." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோழை.

என் ஆராய்ச்சியை நீ கிண்டலடிப்பாயே, நினைவிருக்கிறதா? "லேசர் சூடு இரும்புக்குள்ள எந்த வடிவத்துல எறங்குதுன்னு எவனுக்கும் தெரியாது. இவுரு கம்ப்யூட்டர்ல ஒரு ஆணி வரைஞ்சி, அதுக்குள்ள சூட்ட ரொப்பிப் பாப்பாரு!" உண்மைதான். ஆணியின் அகலம், ஆழம், எஃகு எவ்வளவு சூட்டைக் குடிக்கிறது என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவேன். என் கணக்கில் வரும் கோடு, தகட்டில் ஒட்டிய சென்சார் பதிந்த வெப்பக் கோட்டின்மேல் போய் உட்காரும்வரை விடமாட்டேன்.

நீயோ ஒவ்வொரு முறையும் தகடு ஆறியதும் உள்ளங்கையை அதன்மேல் வைப்பாய். உதட்டுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடியும்வரை எடுக்கமாட்டாய். சென்சார் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

"டேய், கைய எடுறா! டேட்டா நாறிப்போவுது."

"உன் கம்ப்யூட்டர் சொல்றத நீ கேளு மச்சான். நான் பிளேட்டக் கேட்டுக்கறேன்."

அதனால் எல்லாக் கோடுகளின் வாலிலும், சூடு இறங்கி அடங்கிய பிறகு, ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். உன் கைச்சூடு. நான் வாலைக் கத்தரித்துவிட்டுத்தான் கணக்கில் சேர்ப்பேன். உன்னைத் திட்டிக்கொண்டே.

அந்தத் துருக் கையைப் பார்த்த அன்று, வெட்டாத பழைய கோப்புகளைத் திறந்தேன். முதல் வருடத்தில் உன் புடைப்பு மூன்று டிகிரி. பிறகு இரண்டு. அறையின் ஏசி எப்போதும் ஒரே அளவுதான், ஜெபத்தின் நீளமும் ஒன்றுதான். கடைசிக் கோப்பில் புடைப்பையே காணோம். பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது, அரை டிகிரி. மச்சான், வாரா வாரம் என் கண்ணெதிரே நீ ஆறிக்கொண்டே வந்திருக்கிறாயா?

பொறுக்கவில்லை. உன் கையையே வெப்ப மூலமாக வைத்து ஒரு கணக்கு ஓட்டினேன். ஆணிக்குப் பதில் ஐந்து விரல். குளிர்ந்த நீலத் தகட்டில் மெல்ல மெல்ல ஒரு சிவப்புக் கை எழுந்து வந்தது. நானே தட்டிய கணக்குதான். இருந்தும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். விடை கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. சில்லிட்ட கையை அழுத்தி வைத்தாலும், சூடான கையைப் பட்டும் படாமல் வைத்தாலும் ஒரே கோடுதான் வருகிறது. நான் கத்தியதற்குப் பயந்து லேசாக வைத்தாயோ என்னவோ. 'ஒன்றும் தெரியவில்லையம்மா' என்று உன் மனைவியிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ள அதுவே போதும். தப்பித்துக்கொள்ளத்தான் மனசு சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் போனேன். அவள் பூசை முடிந்து வந்திருந்தாள்.

"தங்கச்சி, அவன் கை எப்படிம்மா இருக்கும்?"

"கடைசி மூணு மாசமா ஐஸ் மாரி இருந்திச்சிண்ணே. ராவுல தேச்சி உடுவேன். லேப்ல ஏசி ஜாஸ்தின்னு சொன்னாரு."

ஒரு நாள் லேப்பில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாய். என்னடா என்று கேட்டதற்கு, "ரயில் ஜன்னல் காத்து மச்சான்" என்றாய். பாவி, அவளுக்கு ஒரு காரணம், எனக்கு ஒரு காரணம்.

கோடு அச்சிட்ட தாள்களை அவள் முன் வைத்தேன். "நீ மட்டும் உட்டுடலம்மா. வாரா வாரம் எங்கிட்ட எழுதியே குடுத்துட்டுப் போயிருக்கான். நான்தான் வெட்டி எறிஞ்சேன்." அவள் அழுதாள். பிறகு கடைசித் தாளில், அந்த அரை டிகிரி இருந்த இடத்தில், தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நான் கிளம்பும்வரை எடுக்கவில்லை.

நேற்று ஒரு புதுத் தகடு. வெல்டிங் முடிந்து ஆறிவிட்டது. நான் ஏதோ யோசனையில் நின்றிருந்தேன். குனிந்து பார்த்தால் என் கை தகட்டின்மேல் இருக்கிறது. எப்போது வைத்தேன் என்று தெரியாது. யாரும் எனக்குச் சொல்லித்தராத ஜெபத்தை வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

திரையில் கோட்டின் வாலில் மூன்று டிகிரி. வெட்டாமல் வைத்திருக்கிறேன்.