வேண்டாம் என்று நான் சொன்ன கடுதாசி

கராம்புத் தைலப் போத்தலைத் திறந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. மூடியைத் திருகியதும் நீ வந்து நின்றுவிட்டாய்.

மூன்று நாளாகக் கீழ்க் கடைவாய்ப் பல் குத்துகிறது. பஞ்சில் தொட்டு வைக்கலாம் என்று சாமித் தட்டுக்குக் கீழே கையை விட்டேன். அகப்பட்டது உன் போத்தல். பாதி இருக்கிறது. அந்தப் பாதியை நீ மிச்சம் வைத்துவிட்டுத்தான் போனாய். நீ வலியில் முனகிக்கொண்டு கிடந்த நாட்களில் எங்கள் காம்பராவிலிருந்து அடுத்த அறையான உங்கள் காம்பராவுக்கு இதைக் கொண்டுவந்தவள் என் பேத்தி தர்ஷினி. யார் கொடுத்தது என்று சொல்லாதே என்று சொல்லித்தான் அனுப்பினேன். நீ வாங்கிக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாய்.

"குடுத்தவகிட்ட சொல்லு, போத்தல திருப்பிக் குடுத்துருவேன்னு. இல்லாட்டி அதுக்கும் ஒரு இருபது வருசம் பேசாம இருப்பா."

நீ போன பிறகு தர்ஷினிதான் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். நீ போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமை தோறும் தர்ஷினி போன் வெளிச்சத்தை அடித்து என் வாய்க்குள் பார்ப்பாள். மூன்று கிழமையாகப் பார்க்கவில்லை. சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பல் வலிக்கிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாயில்லை. ஏன் இல்லை என்பதை உன்னிடம்தான் சொல்லவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீ அந்த மூன்றும் படிக்காதவள். அங்கே படித்தவர்கள் இருப்பார்கள், யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்.

முதல் கடுதாசியை நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை. என் மகளைத் தாதி வேலைப் பயிற்சிக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டு வந்த கடுதாசி அது. லயத்து வரிசை வீடுகளுக்கு அன்றும் விலாசம் கிடையாது, இன்றும் கிடையாது. எல்லாருடைய தபாலும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். உன் புருஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். அந்தக் கிழமை அடைமழை. அவர் காய்ச்சலோடு வந்து படுத்துவிட்டார். கடுதாசிகள் நனையக்கூடாது என்று நீ எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாய். மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்தது. எங்களுடையது மட்டும் படத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. ஒன்பது நாள். நீ கொண்டுவந்து நீட்டியபோது நேர்முகம் முடிந்திருந்தது.

"வேணும்னு செய்யலடி. சத்தியமா வேணும்னு செய்யல" என்றாய். என் மகள் கொழுந்துக் கூடையைத் தூக்கக்கூடாது என்று நான் கட்டி வைத்திருந்தது அந்த ஒரு கடுதாசியைத்தான். முற்றத்தில் நின்று லயமே கேட்கக் கத்தினேன். பொறாமைக்காரி என்றேன். உனக்குப் பெண் பிள்ளை இல்லாத வயிற்றெரிச்சல் என்றேன். மகள் ஸ்டோருக்குத் தேயிலை அரைக்கப் போனாள். கலியாணம் கட்டி, புருஷன் விட்டுவிட்டுப் போய், நாலு வயசுப் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

இருபத்து மூன்று வருடம். நடுவில் ஒரு சுவர். ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தோம். ஒரே மலையில் கொழுந்து எடுத்தோம். உனக்கு நாலு நிரை தள்ளித்தான் நான் நிற்பேன். நீ மற்றப் பெண்களைப் பார்த்துச் சொல்வாய்: "இத்தன வருசமா மூஞ்சியத் தூக்கியே வெச்சிருக்காளே, கழுத்து வலிக்காதா அவளுக்கு?" எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து கொழுந்தைக் கிள்ளுவேன்.

தர்ஷினிக்கு இந்தச் சண்டை கணக்கில்லை. இரண்டு காம்பராவும் அவளுக்கு ஒன்றுதான். நம்ம பக்கத்தில் தமிழில் விஞ்ஞானம் சொல்லித்தர ஆள் இல்லை என்று வெளி மாவட்டத்தில் விடுதியில் நின்று உயர்தரம் படித்தாளே, விடுமுறைக்கு வந்தால் முதலில் உன் வாசல்தான். ஒரு நாள் உன் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"கன்னத்துக்கு உள்ள வெள்ளையா படர்ந்திருக்கே சின்னம்மாயி. எத்தன நாளா?"

"அது வெத்தில கறைடி."

"வெத்தில கறை வெள்ளையாவா இருக்கும்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. போயி உங்க அம்மாயி வாயப் பாரு. அதுல நாக்குதான் நீளம்."

இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோகும்போது அது புற்றாகிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாராவது வாயைத் திறந்து பார்த்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று அங்கே டாக்டர் சொன்னதை, உன்னோடு வந்த தர்ஷினி கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. தோட்டத்தில் பல்லுக்கு என்ன இருக்கிறது? வலித்தால் கராம்பு, வீங்கினால் உப்புத் தண்ணீர். அதற்கு மேல் போனால் ஒரு நாள் பேரையும் அதன் சம்பளத்தையும் விட்டுவிட்டுப் பலாங்கொடைக்குப் பஸ் ஏறவேண்டும். யார் ஏறினார்கள்? நீயும் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

நீ போன பிறகு அவளுடைய உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. நல்ல புள்ளி. பல் வைத்தியத்துக்குக் கிடைத்தாலும் கிடைக்கும், தவறினாலும் தவறும் என்கிற மாதிரி விளிம்பில் நிற்கிற புள்ளி. நாட்டுக்கே கொஞ்சப் பிள்ளைகளைத்தான் அதற்கு எடுக்கிறார்கள். றக்வானைக் கடையில் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பினாள். எந்தப் படிப்பு முதலில், எது இரண்டாவது என்று வரிசையாகப் போடவேண்டுமாம். டியூசன் சேர் போனிலேயே சத்தம் போட்டார், முதல் வரியில் டாக்டர் என்று போடு, யாராவது பல்லை முதலில் போடுவார்களா என்று. இவள் முதல் வரியில் பல்லைப் போட்டுவிட்டு வந்தாள்.

"பல்லுப் புடுங்கவா இம்புட்டுப் படிச்ச?" என்று நானும் கேட்டேன்.

"புடுங்க இல்ல அம்மாயி. வாயத் தெறந்து பாக்க."



வெளி மாவட்டத்தில் படித்தவள் என்பதால், இந்த மாவட்டத்துக்காரிதான் என்பதற்குக் காகிதம் வேண்டும் என்றார்கள். மாவட்டத்தைப் பார்த்துத்தான் இடம் பிரிப்பார்களாம். நம்மைப் போன்றவர்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று காட்ட எத்தனை படி ஏறவேண்டும் தெரியுமா? லயத்தில் இருக்கிறாள் என்று முதலில் தோட்டத்தை நடத்துகிற தொரை எழுதித் தரவேண்டும். அதை வைத்துக் கிராம சேவகர் எழுதுவார். அதற்கு மேல் பிரதேச செயலகத்தில் கையெழுத்து. தொரையிடம் இரண்டு கிழமை நடந்தோம். கிராம சேவகர் முத்திரை குத்தியதும் முடிந்தது என்று நினைத்து, கடைசி நாளுக்கு முதல் நாள் தபாலில் போட்டுவிட்டாள். மேல் கையெழுத்து இல்லாமலே போய்விட்டது.

அதைக் கேட்டுத்தான் கொழும்பில் பிள்ளைகளை எடுக்கிற ஆபீசிலிருந்து கடுதாசி வந்தது. பதினாலு நாளைக்குள் கையெழுத்து வைத்த காகிதத்தை அனுப்பு என்று. போனுக்கும் தகவல் போட்டார்களாம். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது என் மகளுடைய பழைய நம்பர், அது செத்து எவ்வளவோ நாளாகிறது.

கடுதாசியைக் கொண்டுவந்தது யார் தெரியுமா? உன் மகன் அந்தோணி. அப்பன் பார்த்த தபால் வேலையை இப்போது அவன்தான் பார்க்கிறான். பிரட்டில் எங்கள் பேரைக் கூப்பிட்டிருக்கிறான், வாங்க யாரும் இல்லை. தர்ஷினி கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். பெரிய கவராக இருக்கிறதே, பிந்தக்கூடாது என்று, இப்போது அவன் குடியிருக்கிற மேட்டு வீட்டிலிருந்து வெயிலில் இறங்கி நம்ம லயத்துக்கு நடந்து வந்திருக்கிறான்.

"பெரியம்மா, கடுதாசி வந்திருக்கு."

நான் அவன் கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தேன். அப்படியே அவன் அப்பன் முகம். உன் வருடத் திவசப் பூசைக்கு அழைப்பு கொண்டுவருகிறான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம்.

"ஒங்க வீட்டுக் கையால வர்ற கடுதாசி எதுவும் எங்களுக்கு வேணாம். ஒரு தடவ வாங்கிப் பட்டது போதும். போ."

கதவைச் சாத்தினேன்.  செருப்புச் சத்தம் பீலிப் பக்கமாகப் போனது. பின்னேரம் தர்ஷினி வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் மகனை வாசலோடு விரட்டியதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. உன்னிடம் எதற்கு மறைக்கவேண்டும்.

கூடப் படித்த பிள்ளை ஒன்று, உனக்கும் கடுதாசி வந்ததா என்று கேட்ட பிறகுதான் தர்ஷினி தோட்டத்து ஆபீசுக்கு ஓடினாள். கிளாக்கர் ஐயா அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். கவருக்கு மேல் சிங்களத்தில் எழுதியிருந்தது. அவள் அதை என் முன்னால் பிடித்துத் தமிழில் வாசித்தாள்.

"வீட்டில் வாங்க மறுத்தார்கள். இதுல வீடுன்னா யாரு அம்மாயி?"

கெடு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

"வேணும்னு செய்யல பாப்பா" என்றேன். "சத்தியமா வேணும்னு செய்யல."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அது உன் சொல். இதே முற்றத்தில் நீ சொல்லி நான் கேட்காத சொல். அவளும் கேட்கவில்லை. கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் மேட்டு வீட்டுக்கு ஏறினேன். இந்த முழங்காலோடு, நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்து ஏறினேன். அந்தோணி முகம் கழுவிக்கொண்டிருந்தான். என்ன கேட்பது என்று தெரியாமல், "ஏண்டா பிள்ளைகிட்ட குடுக்கல?" என்று அதிலும் சண்டைக்காரியாகவே கேட்டேன்.

"நீங்க வேணாம்னீங்க பெரியம்மா. அதுக்கு மேல பிள்ளைகிட்ட குடுத்தா, உங்களுக்கும் எங்களுக்கும் இன்னொரு இருபது வருசம். அதான் ஆபீஸ்லயே வெச்சிட்டேன்." துவாயை உதறிப் போட்டான். "காகிதமெல்லாம் எங்க? நாளைக்கே போவோம்."

மறுநாள் பிரதேச செயலகத்தில் கையெழுத்து வாங்கினோம். அதற்கு மறுநாள் கொழும்பு. அந்த ஆபீசில் கண்ணாடிக்கு உள்ளே ஒரு மிஸ் இருந்தார். தமிழ் தெரியாது. தர்ஷினிக்குச் சிங்களம் தெரியும், ஆனால் காகிதங்களையும் கவரையும் அந்தோணியிடம் கொடுத்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தாள். அந்தோணிதான் பேசினான். ஏன் பிந்தியது என்று அந்த மிஸ் கேட்டார். நான் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"மகே வெரத்த மிஸ்."

என் தவறு மிஸ் என்றான். தோட்டத்துத் தபால் நான்தான் கொடுக்கிறேன், கொடுக்க மறந்துவிட்டேன், பிள்ளையும் வீட்டாரும் ஒன்றும் அறியார்கள் என்றான். அவ்வளவு சிங்களம் எனக்கும் விளங்கும். அந்த மிஸ் அவனைத் திட்டினார். வரிசையில் நின்ற தாய் தகப்பன்மாரெல்லாம் திரும்பிப் பார்க்க, ஒரு பிள்ளையின் எதிர்காலம் உனக்கு விளையாட்டா என்று திட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வீட்டில் மறுத்தார்கள் என்று எழுதிய கவர் மடித்தபடி அவன் சட்டைப் பைக்குள் இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் திட்டு எனக்கு வந்திருக்கும். பிள்ளையின் காகிதமும் திரும்பி வந்திருக்கும்.

 அவன் என் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், நான் பக்கத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த முதல் கடுதாசிக்காக உன் புருஷனைப் பிரட்டில் வைத்து நான் இப்படித்தான் நாற அடித்தேன். அவரும் இப்படித்தான் குனிந்து நின்றார்.

அந்த மிஸ் காகிதத்தை வாங்கித் தேதி முத்திரை குத்தினார். மேலே அனுப்புகிறேன், எடுப்பார்களா மாட்டார்களா என்று சொல்லமுடியாது, கடுதாசி வரும் என்றார். பஸ்ஸில் திரும்பி வந்தோம். பெல்மதுளையில் அந்தோணி இறங்கி இரண்டு தேத்தண்ணீர் வாங்கிவந்து எங்களுக்குத் தந்தான். தனக்கு வாங்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் நான் பிரட்டுக்குப் போகிறேன். வேலையிலிருந்து பேர் வெட்டிப் பத்து வருடமான கிழவிக்கு அங்கே என்ன வேலை என்று கணக்கப்பிள்ளை கேட்டான். இருக்கட்டும் என்றேன். கூடையோடு நிற்கிற பெண்களுக்குப் பின்னால் நிற்கிறேன். அந்தோணி பேர் பேராகக் கூப்பிடுகிறான். ஒவ்வொரு பேருக்கும் நான் எட்டிப் பார்க்கிறேன். கடுதாசி வராவிட்டால் அந்தப் பிள்ளையும் தாயைப் போல விமானம் ஏறும். இவளை அனுப்பிவைத்தவள் என்று என் பேர்தான் நிற்கும்.  

இன்று கூப்பிட்டு முடித்ததும் அவன் என்னைப் பார்த்தான்.  பையை எடுத்து உட்புறத்தை வெளியே திருப்பி, எல்லாருக்கும் முன்னால் உதறிக் காட்டினான்.

"இன்னைக்கும் இல்ல பெரியம்மா. பாத்துக்குங்க, ஒண்ணையும் ஒளிச்சு வெக்கல."

கேலியாகத்தான் சொன்னான். பெண்கள் சிரித்தார்கள். உன் சிரிப்பு அதில் இல்லை என்பது எனக்கு மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்துதான் போத்தலைத் திறந்தேன். வாய்க்கு எடுக்கவில்லை, மூடி வைத்துவிட்டேன். தர்ஷினி ஒரு நாள் வெளிச்சத்தை அடிப்பாள், அதுவரைக்கும் இந்தப் பல் குத்தட்டும்.

நீ மாதா படத்துக்குப் பின்னால் வைத்து மறந்துதான் போனாய். நம்புகிறேன். வேண்டுமென்று செய்யவில்லை, அதையும் நம்புகிறேன். மன்னிப்பது வேறு. அதை இந்தக் கடுதாசி வரட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம். உன் போத்தல் என் மடியில் இருக்கிறது. நாளைக்கு வேளையோடு எழும்பிப் பிரட்டுக்குப் போகவேண்டும்.