பொழுதுபட்ட பின் நாரந்தனைக்கு வந்த பஸ்

அனுப்புநர்:
பைரவி மயூரநாதன்,
நாரந்தனை, ஊர்காவற்றுறை.

பெறுநர்:
போக்குவரத்துப் பொறுப்பதிகாரி அவர்கள்,
யாழ்ப்பாணம்.

பொருள்: நிறுத்தப்பட்ட மாலைநேர பஸ் சேவையை மீண்டும் நடத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் யாழ் நகரில் ஒரு புடவைக் கடையில் தையல் வேலை செய்கிறேன். வேலை முடியுமுன்பே எங்கள் ஊருக்கான கடைசி பஸ் புறப்பட்டுவிடும். ஆகையால் கிழமை நாட்களில் நகரில் வாடகை அறையில் தங்கி, அரைநாள் வேலையான சனி பின்னேரம் மட்டுமே வீடு வருவேன். கணவர் மயூரநாதனும் சிறுபிள்ளையான மகள் துஷானியும் ஊரில் இருந்தார்கள். காணியைத் தரிசாக விட்டு மூவரும் நகரத்துக்கே போய்விடுவதென்று பேசி முடித்திருந்த வேளையில்தான், நகரத் திட்டமிடல் பேராசிரியர் ஞானசவுந்தரி அவர்கள் ஆய்வுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நிலம் எப்படிப் பயன்படுகிறதோ அதற்கேற்பச் சனம் பயணம் செய்கிறது. பயண வசதி மாறினால் நிலத்தின் பயனும் மாறுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணினியில் கணித்துப் பார்ப்பதே தமது வேலை என்று அவர் விளங்கப்படுத்தினார். பின்னர், இருட்டிய பிறகு ஒரு பஸ் இருந்தால் என்ன செய்வீர் என்று என்னிடம் கேட்டார். அதுவரை எவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"வீட்டை வந்து படுப்பன்" என்றேன்.

அவரது வேண்டுகோளின்படி தங்கள் பணிமனை கடந்த மாசியில் அந்த பஸ்ஸைப் பரீட்சார்த்தமாக விட்டது. நகரிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் பண்ணைப் பாலத்தில் ஏறும்போது கடலும் வானமும் ஒரே நிறமாயிருக்கும். பஸ் தண்ணீரின் மேல் போவது போலிருக்கும். கடலில் நட்ட மீன்பிடித் தடிகள் நின்றபடியே நித்திரை கொள்வதாகத் தோன்றும். இறங்குமிடத்தில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கணவர் நிற்பார். இன்று சனிக்கிழமையா என்று மகள் பல நாட்கள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கணவர் கிணற்றடிக் காணியைக் கொத்தி வெங்காயம் நட்டார். பஸ் வரும் வழியிலுள்ள புளியங்கூடலில் பூட்டிக் கிடந்த தேத்தண்ணிக் கடையை அன்ரனிட்டா அக்கா திறந்தார். நகரத்துக்குப் போகும் பேச்சை நாங்கள் எடுக்கவேயில்லை.

ஆனியில் பஸ் நின்றது. ஏறுபவர்கள் போதாது என்று பதில் தரப்பட்டது. அது உண்மை. சில நாட்களில் சாரதியும் நடத்துநரும் நானும் மட்டுமே வந்தோம். ஆயினும், ஒரு பஸ்ஸை நம்பி வீட்டைத் திருத்தவும் தோட்டம் செய்யவும் சனத்துக்குக் காலம் எடுக்கும், அதற்குச் சில மாதங்கள் போதாது என்கிறார் பேராசிரியர்.

தற்போது வேறு வழியால் போகும் குறிகட்டுவான் பஸ்ஸில் வந்து வேலணையில் இறங்கி, கணவரின் சைக்கிளில் வீடு போகிறேன். மாரி தொடங்கினால் அது ஏலாது. அறையைத் திரும்ப எடுக்கும்படி கணவர் சொல்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

சென்ற கிழமை பேராசிரியர் வந்து எங்கள் தீவின் வருங்காலத்தைக் கணினியில் இரண்டு படங்களாகக் காட்டினார்: பஸ் ஓடினால் ஒன்று, ஓடாவிட்டால் மற்றது. வீடுகள் சிறு வெளிச்சங்களாய்த் தெரிந்தன. பஸ் ஓடும் தீவில் அவை மெல்ல மெல்லக் கூடின. ஓடாத தீவில் ஒவ்வொன்றாய் அணைந்தன. எங்கள் வீடு எது என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினார். சற்று நேரத்தில் அதுவும் அணைந்தது. அவர் கணினியை மூடிவிட்டார்.

"இந்த ரெண்டாவது படம் நான் கீறினதோட நிக்கட்டும், பைரவி" என்றார்.

ஆகவே ஐயா, மாரிக்கு முன் அந்த பஸ்ஸை மீண்டும் விட்டு, ஒரு வருடமாவது ஓடச் செய்யுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். முடிவெடுக்குமுன் தாங்களும் ஒரு பின்னேரம் அதில் ஏறி வரவேண்டும். யன்னலோர இடம் கட்டாயம் கிடைக்கும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பைரவி மயூரநாதன்

இடம்: நாரந்தனை
திகதி: 12.09.2025