காவி எழுதாத கொப்புளம்

12.10.1994, புதன்
மறுபடி கரண்ட் இல்லை. அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த எமர்ஜென்ஸி லைட்டில் நானும் அனுசுயாவும் கணக்குப் போட்டோம். அவள் போட்டாள், நான் பார்த்தேன். ஜன்னல் வழியே வயல் பூச்சி அத்தனையும் உள்ளே. தன் கழுத்தில் ஊர்ந்த ஒன்றை அனுசுயா நசுக்கி எறிந்தாள். “எறும்புடி.”

14.10.94
அனுசுயா பள்ளிக்கு வரவில்லை. கழுத்தில் கோடு இழுத்த மாதிரி கொப்புளம். அக்கி என்று குயவர் வீட்டில் காவி எழுதியிருக்கிறார்கள். அவள் அம்மா ராஜம்மாள் அத்தை வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்: “உங்க வீட்டுப் பாயில உக்காந்துதான் ஒட்டிக்கிச்சு. இனிமே அங்க அனுப்ப மாட்டேன் ஷமா.”

அரையாண்டுக் கணக்குக்கு நான் என்ன செய்வேன்? அது கூடப் பரவாயில்லை. அவள் இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அது எறும்புதானா?

15.10.94
வாய்க்கால் கரையில் ஈரச் சேற்றில், அன்று அவள் நசுக்கிய அதே பூச்சி. தலை கறுப்பு, கழுத்து சிவப்பு, நடுவில் நீலக்கறுப்பு, வயிறு மறுபடி சிவப்பு, நுனி கறுப்பு. காகிதத்தை நீட்டினால் தேள் மாதிரி வாலைத் தூக்குகிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துவிட்டேன்.

16.10.94
பறந்தது! முதுகில் இருக்கும் அந்தக் குட்டி மூடிக்குள் இவ்வளவு நீளச் சிறகா? அப்படியானால் எறும்பில்லை, வண்டு. கையில் ஓடவிட்டேன். கடிக்கவில்லை.

17.10.94
நூலகப் புத்தகத்தில் படமே இருக்கிறது. ரோவ் வண்டு. நீர்க்கரையில் வாழும், வெளிச்சத்துக்கு வரும். நசுக்கினால் அதன் உடம்புச் சாறு பட்டுத் தோல் கொப்பளிக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது.

ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். “புத்தகத்துல ஆயிரம் போடுவான்.”

சரி. ஒன்றை என் முழங்கையில் வைத்துத் தேய்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

19.10.94
வந்துவிட்டது. எரிகிறது. அவ்வளவு சந்தோஷம்.

அம்மா: “ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா?” ராஜம்மாள் அத்தை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “நெசமாவே நீயா தேச்சுக்கிட்ட? எவடி இவ!” சிரிப்பை அடக்க முடியவில்லை அவர்களுக்கு. ஆனாலும் விடவில்லை. “காவி எழுதாம ஆறட்டும். அப்பறம் பாக்கலாம்.”

23.10.94
அம்மா என்னோடு ஒரே பாயில்தான் படுக்கிறாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. கொப்புளமே, சீக்கிரம் ஆறு.

28.10.94
ஆறிவிட்டது. அனுசுயா கழுத்தில் உள்ளது போலவே பழுப்புத் தழும்பு. அத்தை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “சரி, நாளைலேருந்து வருவா. ஜன்னலச் சாத்திக்கிங்க” என்றார்கள். அனுசுயா என் கையைக் கிள்ளினாள்.

30.10.94, ஞாயிறு
படிக்க அனுசுயாவைக் கூப்பிடப் போனேன். வயலில் இருந்த அத்தை, “வாங்கடி, உங்க வண்டு என்னமோ திங்குது” என்று கூப்பிட்டார்கள். நெல்தூரில் அது, பயிரை உறிஞ்சிக் கெடுக்கும் ஒரு தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. மூன்று பேரும் வரப்பில் குந்திப் பார்த்தோம். முடித்துவிட்டு அடுத்ததைத் துரத்தியது.

“நேரமாச்சும்மா” என்றாள் அனுசுயா.

“நீங்க போய்ப் படிங்கடி. நான் பாத்துட்டு வாரேன்.”