நான் நடத்தாமல் விட்ட பாடம்

இன்று காலை கடைவீதியில் ஒரு லாரியிலிருந்து புகையிலைச் சிப்பங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரநெடி மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். புகையிலைச் சிப்பங்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் மேல்மாடியில் இருந்த பயிற்சிக்கூடத்தில் நாம் இருவரும் பாடம் நடத்திய நாட்கள் நினைவுக்கு வந்தன. நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். கணக்குப்பதிவியல் எனக்கு, வருமான வரி உனக்கு. ஒரு லாரி எத்தனை வருஷம் ஓடும் என்று பார்த்து, அதன் தேய்மானத்தை வருஷத்துக்கு ஒரே அளவாகக் கழிக்க நான் சொல்லிக்கொடுத்தேன். நீ சட்டம் சொல்லும் விகிதத்தில் கழிக்கச் சொன்னாய். லாபம் இரண்டு விதமாக வந்தது. தாடிக்கொம்பிலிருந்து வரும் மாணவி ஒருத்தி உன் வகுப்பில் எழுந்து, "இதுல எது சார் பொய்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நீ சிரிக்கவில்லை. என்னையும் உள்ளே அழைத்து, கரும்பலகையில் இரண்டு லாபத்தையும் எழுதி, ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படி வருவது என்று வரிவரியாகக் காட்டினாய்.

"ரெண்டும் நெசந்தாம்மா. முதலாளிக்குத் தெரிய வேண்டியது வேற, சர்க்கார் கேக்குறது வேற. வித்தியாசம் எங்கருந்து வந்துச்சுன்னு ஒளிக்காம எழுதணும். அம்புட்டுத்தான்."

அதைச் சரிகட்டும் பட்டியல் என்று சொல்லிக்கொடுத்தோம்.

பேச்சு முதலாளி காதுக்கும் போயிற்று. கிட்டங்கியும் பயிற்சிக்கூடமும் அவருடையவை. நம்மைக் கீழே கூப்பிட்டு, மகள் கல்யாணச் செலவை வியாபாரச் செலவாகக் காட்டி வரிக் கணக்கு எழுதித் தரச் சொன்னார். இரண்டு லாபம் உண்டு என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றார்.

"அந்த வித்தியாசத்தை எழுதிக் காட்டலாம்யா. இந்தச் செலவை மறைக்கத்தான் முடியும்" என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீக?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து உனக்கு வேலை இல்லை. உன் வகுப்பும் எனக்கே வந்தது. அந்தப் பட்டியல் பாடத்தை மட்டும் பயந்து விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுவதாகச் சொன்னாய். சட்டைக் காலர் கிழிந்து, தைத்திருந்தது. என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "அந்தப் பட்டியலைப் பிள்ளைக ஒழுங்காப் போடுறாகளா?" என்று மட்டும் கேட்டாய்.

"போடுறாகப்பா" என்றேன். பொய். அதைக் கேட்டு உன் முகம் தெளிந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பாடத்தை நடத்தினேன். வீட்டுச் செலவை ஏன் வியாபாரச் செலவாகக் காட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முதலாளி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாடம் முடிந்ததும் படியிறங்கிப் போனார். என் வேலை போகவில்லை.

அன்றைக்குக் கீழே அவர் முன்னால் நானும் வாய் திறந்திருந்தால் உன் வேலையும் போயிருக்காதோ என்று அந்த நிமிஷம் தோன்றியது. இத்தனை வருஷமாக அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் நுழைகிறேன்.