வாட்டிய பலகை

இன்று கிட்டாருக்குத் தந்தி மாற்றினேன். பழையவற்றைக் கழற்றியதும் விரல் பலகை வெறுமையாகக் கிடந்தது. துணியால் துடைத்தேன். தேயிலை வாசம். இத்தனை காலத்துக்குப் பிறகும். கொழும்பு அறையில், மின்விசிறிக்குக் கீழே, மறுபடி குனிந்து முகர்ந்தேன். கூப்பிட்டுச் சொல்ல நீ இல்லை.

இந்த விரல் பலகை நீ கொண்டுவந்த பலா மரம். தோட்டத்தில் இடித்த லயத்து வரிசை வீட்டின் கதவுச் சட்டம். வட்டவளை மழையில் மாதக்கணக்காக நனைந்து கிடந்தது.

"ஈரத்தோட எப்புடிடா கம்பி அடிக்கிறது?" என்றேன்.

தேயிலைத் தொழிற்சாலையின் காயவைக்கும் அறையில் உனக்கு வேலை. "கொழுந்தையே மொறுமொறுன்னு ஆக்குறோம். இது என்னா, ஒரு பலகை" என்றாய். மெஷினுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாய். திரும்பி வந்தபோது பலகையின் எடை குறைந்து, வாசம் ஏறியிருந்தது.

அவசரம் இருந்தது. உன் இரத்தத்தில் ஏதோ சரியில்லை என்று ஹட்டனில் சொல்லிவிட்டார்கள். அடுத்த கிழமை கொழும்பு ஆஸ்பத்திரி. உன் வீட்டுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். போவதற்கு முன் இந்தக் கிட்டார் பேசுவதைக் கேட்டுவிட வேண்டும் என்றாய். வேறு எதையும் நீ கேட்கவில்லை.

நான் அளந்து கோடு போட்டேன். நீ கோட்டில் ரம்பத்தை ஓட்டினாய். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு குறுக்குக் கம்பி. விரல் அழுத்தும்போது சுரத்தைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். முதலில் இரண்டு முனைகள், பிறகு நடு. மேலே மரத்துண்டு வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டினாய். கோணலாக இறங்கினால் பலகை பிளந்துவிடும். வேறு பலகை இல்லை. வேறு கிழமையும் இல்லை.

லயத்தில் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அடுத்த வீட்டுச் சின்னம்மா அங்கிருந்தே கத்தினார்.

"என்னாங்கடா, காலையில இருந்து டொக்கு டொக்குன்னு? சவப்பெட்டியா செய்யிறீங்க?"

"நீளம் பத்தாது சின்னம்மா! வேணும்னா நீங்க மடங்கிப் படுத்துக்கங்க!"

"ஒன் வாயில தீய வைக்க!"

பதிலுக்குக் கத்திவிட்டு நீ சிரித்தாய். சுத்தியல் பிசகவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் பலகையைக் கிட்டாரின் கழுத்தில் பொருத்தி, தந்தி ஏற்றினோம். பன்னிரண்டாவது கம்பி தந்தியின் சரிபாதி. அங்கே அழுத்தி மீட்டினாய். அதே சுரம், ஆனால் மேலே, இன்னொரு மலையிலிருந்து வருவதுபோல. காகிதத்தில் நான் வகுத்த வெறும் பாதிதான். இருந்தும், ஒரு கதவுச் சட்டத்துக்குள் இவ்வளவு ஒழுங்கு எங்கே இருந்தது? நீ காதைக் கிட்டாரோடு ஒட்டிவைத்துக்கொண்டாய்.

"இன்னொருவாட்டி" என்றாய்.

நீ கொழும்புக்குப் போன பிறகு மலையில் மூடுபனி இறங்கியது. கம்பி முனைகளைப் பலகையின் ஓரத்தோடு ஓரமாக அராவியிருந்தோம். இப்போது மரம் முனைகளைத் தாண்டி வெளியே நின்றது. ஓரத்து மெல்லிய தந்தியை அழுத்தினால் அது கம்பியை விட்டு வழுக்கி விழுந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த உனக்குப் போன் செய்தேன்.

"பலகை அகலமாயிருச்சுடா. அளவுக்கு மேல வாட்டிட்டோம். இப்ப ஈரத்தக் குடிக்குது."

"காஞ்ச தேயில திரும்பப் பச்சையாகி நான் பாத்ததே இல்ல மச்சான்" என்றாய்.

பிறகு இருமல் மட்டும். மறுபடி பேசியபோது குரல் கோயிலுக்குள் பேசுவதுபோல் தணிந்திருந்தது.

"அறுத்து, வாட்டி, மேல இத்தன கம்பியும் அடிச்சாச்சு. இன்னும் வளருதா அது?"

"வளருது."

"சரி பண்ணாத. வுட்டுரு."

விட்டுவிட்டேன். நீ திரும்பி வரவில்லை.

மெல்லிய தந்தியைச் சற்று உள்ளே இழுத்து வாசிக்கப் பழகிக்கொண்டேன். இப்போது எந்தக் கிட்டாரை எடுத்தாலும் விரல் அதையே செய்கிறது. போன மாதம் ஒரு கடையில் புதிய கிட்டார் ஒன்றை வாசித்துப் பார்த்தேன். கடைக்காரர் என் கையையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, தந்திய உள்ளுக்கு இழுக்குறீங்க?"

"மரம் வளர எடம் விடுறேன்" என்றேன்.